எட்டு டொய்ட்டும் நாலு டொய்ட்டும்: மட்டக்களப்பு நாணய வட்டத்தில் ஒரு பேச்சு தயாரான விதம்

எங்கள் நாணயச் சேகரிப்பு வட்டத்துக்குப் பெயர்ப்பலகையோ பதிவோ கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் புளியந்தீவில் ஒரு சிறு மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். ஆரையம்பதி, காத்தான்குடி, ஏறாவூர் ஆட்கள் வருவார்கள், கல்முனையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. ஆளுக்கு ஒரு மாதம் பேச வேண்டும், அரை மணித்தியாலம். என் முறை வந்தபோது வி.ஓ.சி. என்ற ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் டொய்ட் காசுகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து கிழமை பட்ட பாட்டையும், எந்த இடத்தில் பேச்சு திரும்பியது என்பதையும் இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். அடுத்துப் பேசப் போகிறவருக்கு இது பயன்படும்.

டொய்ட் என்பது கையில் வைத்தால் நம்முடைய பழைய ஒரு சதத்தை நினைவூட்டும் செப்புக் காசு. குறுக்களவு 21, 22 மில்லிமீற்றர், எடை ஏறக்குறைய 3 கிராம். ஒரு பக்கத்தில் பெரிய வி எழுத்து, அதன் இரண்டு கால்களிலும் ஓவும் சியும் கோத்தபடி இருக்கும், கீழே ஆண்டு. மறுபக்கத்தில் எந்த மாகாணத்தில் அடித்தார்களோ அந்த மாகாணத்தின் சின்னம். 1602இல் தொடங்கிய அந்தக் கம்பனி இந்த அடையாளத்தோடு டொய்ட் அடிப்பித்தது 1726இலிருந்துதான். 1794 வரை காசுகள் இருக்கின்றன. ஹொலண்ட், சீலண்ட், உட்ரெக்ட், மேற்கு பிரீஸ்லாந்து, கெல்டர்லாந்து என்று அந்த நாட்டு மாகாணங்களில் அடித்துக் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். என்னிடம் 23 இருக்கின்றன, பதினான்கு வருடச் சேர்ப்பு. நான் நகைக்கடையில் வேலை செய்கிறவன், அதனால் நல்ல தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

முதல் வரைவில் 42 ஸ்லைட் போட்டேன். மாகாணம் மாகாணமாக, அடிப்புச் சாலை அடிப்புச் சாலையாக. ஹொலண்ட் காசு டோர்ட்ரெக்டில் அடித்தது, அதற்கு ரோசாப் பூ அடையாளம்; சீலண்ட் காசு மிடில்பேர்க்கில் அடித்தது, அதற்குக் கோட்டை அடையாளம்; மேற்கு பிரீஸ்லாந்துக்காரருக்கு ஹோர்ன், என்குய்சன், மேடம்ப்ளிக் என்று மூன்று ஊர்களுக்கு மாறி மாறிப் போன அடிப்புச் சாலை. எல்லாம் சரியான தகவல்தான், ஒன்றில்கூடப் பிழையில்லை. வீட்டில் மனைவியையும் மகளையும், எங்கள் வட்டத்தில் மூத்தவரான காத்தான்குடி நானாவையும் இருத்தி ஒரு தடவை பேசிப் பார்த்தேன். கெல்டர்லாந்தின் இரட்டைச் சிங்கத்துக்கு வரும்போது இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. நானா மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, நல்லா இருக்கு. ஆனா இது எல்லாம் புத்தகத்திலயும் இருக்கும்தானே" என்றார். அதைவிடக் கனமாக அவர் சொல்லியிருக்க முடியாது.

அன்றைக்கு மகள் கேட்ட ஒரு கேள்விதான் பேச்சைக் காப்பாற்றியது. அவள் எட்டாம் வகுப்பு. ஸ்லைட்டின் ஒரு மூலையில், பெரிதாக எண்ணாமல், ஒரு வரி போட்டிருந்தேன்: ஒல்லாந்தர் நாட்டில் 8 டொய்ட்டுக்கு ஒரு ஸ்டைவர் (டொய்ட்டைவிடப் பெரிய காசு), இலங்கை போன்ற கீழைநாடுகளில் 4 டொய்ட்டுக்கு ஒரு ஸ்டைவர். அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஏன்பா எல்லாரும் அங்க இருந்து சாக்குல கட்டிக்கொண்டு இங்க வரல்ல?" என்று கேட்டாள்.

வந்தார்கள். அதுதான் கதையே. கப்பலோட்டிகளும் கம்பனி ஊழியர்களும் சாதாரண மாகாண டொய்ட்டுகளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கே எட்டைக் கொடுத்து ஒரு ஸ்டைவர் வாங்குகிற காசு, கடல் கடந்ததும் இரண்டு ஸ்டைவர் ஆனது. மிளகு வாங்கத் தேவையில்லை, கறுவா வாங்கத் தேவையில்லை, பெட்டியின் அடியில் செப்புக் காசு போட்டு வந்தாலே லாபம். அந்த லாபம் கம்பனிக்குப் போக வேண்டியது, தனியாளின் சட்டைப்பைக்குப் போனது. அதை மறிக்கத்தான் 1726இல் கம்பனி தன் மூன்று எழுத்தைக் காசில் பதித்தது. தங்கத்திலும் வெள்ளியிலும் கையெழுத்து இருப்பது யாருக்கும் விளங்கும், ஆனால் ஒரு பிச்சைக்காரனின் கையில் விழும் ஆகக் கடைசிக் காசில் இவ்வளவு பெரிய கம்பனி ஏன் பெயர் போட்டது என்று கேட்டால், பதில் அந்த எட்டுக்கும் நாலுக்கும் இடையில் இருக்கிறது. பதினான்கு வருடமாக அந்தக் காசுகளை வைத்திருக்கிறேன், இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் இப்படி நேராகக் கேட்டதில்லை.

அன்றிரவே 42 ஸ்லைட்டையும் ஒதுக்கிவிட்டு ஒரு தாளில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதினேன்: மிகச் சின்னக் காசில் கம்பனி ஏன் தன் பெயரைப் போட்டது? இதற்குப் பதில் சொல்ல உதவாத எதுவும் பேச்சில் வேண்டாம். அடிப்புச் சாலை விவரம் முழுவதையும் இரண்டு பக்க போட்டோகொப்பியாக்கினேன். வேண்டியவர் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தன் காசோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கணக்கை எப்படிக் காட்டுவது என்பதில் கொஞ்சம் மினக்கெட்டேன். இலங்கையில் ஒல்லாந்தர் காலக் கணக்கு இப்படி: 4 டொய்ட் ஒரு ஸ்டைவர், 4 ஸ்டைவர் ஒரு பணம், 12 பணம் ஒரு றிக்ஸ்டொலர். ஆக ஒரு றிக்ஸ்டொலருக்கு 48 ஸ்டைவர், 192 டொய்ட். பலகையில் எழுதினால் இது வாய்ப்பாடு மாதிரி இருக்கும், ஒருவரும் நினைவில் வைக்க மாட்டார்கள். ஆனால் 192 டொய்ட்டை 3 கிராமால் பெருக்கினால் 576 கிராம் வருகிறது, அரைக் கிலோவுக்கு மேல் செப்பு. கடையில் பழைய செப்புக் கம்பி கொஞ்சம் கேட்டு வாங்கி, 576 கிராம் சரியாக நிறுத்து, ஒரு துணிப்பையில் கட்டினேன். ஒரு றிக்ஸ்டொலரைச் சில்லறையாக மாற்றினால் மடியில் விழும் பாரம் அதுதான். பத்து றிக்ஸ்டொலர் என்றால் ஆறு கிலோவுக்குக் கிட்ட. பை கைமாறிப் போனபோது மண்டபத்தில் எழுந்த சத்தத்தை என் எந்த ஸ்லைட்டும் எழுப்பியிருக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். எட்டு, நாலு என்பதால் லாபம் சரியாக இரட்டிப்பு என்று முதலில் எழுதியிருந்தேன். எங்கள் வட்டத்தில் கணக்கியல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு சேர் இருக்கிறார். அங்கத்தைய ஸ்டைவரும் இங்கத்தைய ஸ்டைவரும் மதிப்பில் ஒன்றல்ல, கம்பனிக் கணக்கிலேயே பாரக்காசு இலேசுக்காசு என்று பிரிவு இருந்தது, அதை மறந்துவிடாதே என்று சொன்னார். அவர் சொன்னது சரி. பேச்சில் "எண்ணிக்கையில் இரட்டிப்பு" என்று மட்டும் சொல்லி, கையில் மிஞ்சியது அதைவிடக் குறைவு என்றும் சேர்த்தேன். ஒரு சொல்தான் கூடியது, ஆனால் அது இல்லாமல் பேசியிருந்தால் பொய் சொன்னவனாகியிருப்பேன்.

அடுத்து, 1721 என்று நான் எழுதி வைத்திருந்த காசு. சில வருடங்களுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது, சீலண்ட் சின்னம், அலைக்குள்ளிருந்து பாதி உடம்போடு எழும் சிங்கம். ஆண்டு தேய்ந்திருந்தது. 1721 என்று அவர் சொன்னார், நானும் காசு வைக்கும் கூட்டின் அட்டையில் அப்படியே எழுதிவிட்டேன், பழைய காசு என்பதால் விலையும் கூடக் கொடுத்தேன். பேச்சுக்காக எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் அடுக்கும்போதுதான் உறைத்தது: 1726க்கு முன் இந்த அடையாளத்தோடு டொய்ட்டே இல்லை. அப்படியென்றால் காசு போலியாக இருக்க வேண்டும், அல்லது வாசிப்புப் பிழையாக இருக்க வேண்டும். தராசில் வைத்தேன், 2.9 கிராம். விளிம்பைப் பார்த்தேன். வார்த்த போலிகளில் அச்சு சேர்ந்த கோடு ஓடும், மேற்பரப்பில் ஊசி குத்தினமாதிரி காற்றுக் குழிகள் இருக்கும். அவை இல்லை. காசு நல்ல காசு. பிறகு அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சை மேசையோடு ஒட்டிப் பிடித்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத இடத்தில் இப்போது நிழல் விழுந்தது, மூன்றாவது இலக்கத்தின் மேல்வளைவு மூடிக்கொண்டு வட்டமானது. 1791. மேல் தலை மட்டும் மிஞ்சிய ஒன்பதை இரண்டு என்று வாசித்திருக்கிறோம்.

இதைப் பேச்சிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். என் அட்டையில் நானே எழுதிய பிழை, அதுவும் காசு கொடுத்து வாங்கிய பிழை. ஆனால் ஒரு காசின் ஆண்டை எப்படி வாசிப்பது, தொடரின் தொடக்க ஆண்டைத் தெரிந்து வைத்திருப்பது எதற்கு உதவும், இரண்டையும் இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் என்னிடம் வேறு இல்லை. வைத்துக்கொண்டேன். பேச்சில் நான்கு நிமிடம் அதற்கே போனது.

சல்லி என்ற சொல்லை நானாதான் எடுத்துத் தந்தார். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் இன்றைக்கும் பணத்துக்கு "சல்லி" என்றுதான் பேச்சு, சிங்களத்திலும் அதே சொல். ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்த பிறகும் டொய்ட் இங்கே புழங்கியது, அவர்களுடைய எழுத்துகளில் அந்தக் காசுக்கு "சல்லி" என்ற பெயரே வருகிறது. மட்டக்களப்புக்காரருக்கு இதைவிட நெருக்கமாக ஒரு காசு வந்து நிற்க முடியுமா? எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உடனே "சல்லி என்ற சொல் டொய்ட்டிலிருந்து வந்தது" என்று ஒரு ஸ்லைட் அடித்துவிட்டேன். எங்கள் வட்டத்தில் தமிழ் படிப்பித்த டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு அனுப்பினேன். இரவோடிரவாகப் பதில் வந்தது: "தம்பி, கருங்கல் உடைச்சா வாற சல்லியும், தமிழ்நாட்டில காளைக் கொம்பில கட்டுற சல்லிக்காசும் எந்த ஒல்லாந்தன் தந்த?" சரிதான். சொல் காசுக்குள்ளிருந்து வரவில்லை. சிறிது, நொறுங்கியது என்ற பொருளோடு ஏற்கெனவே இருந்த சொல் வந்த காசின்மேல் ஏறியது. பேச்சில் அப்படித்தான் சொன்னேன். துட்டு என்ற சொல்லும் டொய்ட்டும் உறவு என்று பலர் சொல்வதுண்டு, தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே மாதிரிச் சொற்கள் வேரூன்றியிருக்கும்போது அந்த வழக்கை அரை மணித்தியாலப் பேச்சில் இழுப்பது நியாயமில்லை என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

வெட்டியதில் எனக்கு உண்மையாகவே வலித்தவை இரண்டு. ஒன்று, கம்பனி இலங்கையிலேயே அடித்த தடித்த ஸ்டைவர் காசுகள். ஆங்கிலேயரோடு 1780இல் மூண்ட போருக்குப் பிறகு சில்லறைத் தட்டுப்பாட்டில் இங்கேயே செப்பைத் துண்டாக்கி அடித்தார்கள், கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று ஊருக்கு ஓர் எழுத்து. நம் கிழக்கில் அடித்த காசு என்றால் அந்தத் திருகோணமலைக் காசுதான், ஆனால் அது தனியாக ஒரு பேச்சு, இதற்குள் அடைத்தால் இரண்டும் கெடும். மற்றது, 1828இல் ஆங்கிலேயர் இலங்கைக்கென்றே அடித்த அரைப் பார்திங், பிறகு 1839இல் வந்த கால் பார்திங். ஒரு பவுணில் 3840இல் ஒரு பங்கு அது. அவ்வளவு சின்னக் காசு இந்தத் தீவுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது டொய்ட் விட்டுப்போன பழக்கத்தின் தொடர்ச்சி. அதைக் கடைசியில் ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினேன்.

வெட்டாமல் வைத்த ஒரு கிளைக்கதை உண்டு. இணையத்தில் இந்த டொய்ட்டை "நியூயோர்க் பென்னி" என்று விற்கிறார்கள், நியூயோர்க் ஒல்லாந்தர் நகரமாக இருந்தபோது புழங்கிய காசாம். ஆங்கிலேயர் அந்த நகரத்தைப் பிடித்துப் பெயர் மாற்றியது 1664இல், முதல் வி.ஓ.சி. டொய்ட் வந்தது அதற்கு 62 வருடம் கழித்து. போதாததற்கு அமெரிக்கப் பக்கத்தைக் கவனித்தது ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி, இது கிழக்கிந்தியக் கம்பனி. வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் அந்தப் பெயரை நம்பி வாங்கியிருந்தார்கள், அதனால் ஒரு நிமிடம் இதற்குக் கொடுத்தேன்.

கோட்டையைப் பற்றி என்ன சொல்வது என்பதுதான் கடைசிச் சிக்கல். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய நம் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு அவர்கள் உடன்படிக்கை செய்ததும் அதே ஆண்டு இங்கேதான். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. நெடுங்காலம் கச்சேரி இயங்கிய அந்தக் கோட்டை வாசலில் வி.ஓ.சி. சின்னம் இருக்கிறது, கச்சேரிக்கு அலுவலாகப் போனவர்கள் அதற்குக் கீழேதான் நடந்திருப்பார்கள். அந்த வாசல் படத்தையும் டொய்ட்டையும் ஒரே ஸ்லைட்டில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஆனால் "இந்தக் காசு நம் கோட்டையில் புழங்கியது" என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். என்னுடைய 23உம் வியாபாரிகளிடமும் ஏலங்களிலும் வாங்கியவை, எந்த மண்ணில் கிடந்தவை என்று ஒன்றுக்கும் சாட்சி இல்லை. 1726இலிருந்து 1795 வரை 69 வருடம் இந்த வகைக் காசு கோட்டைக்காரர் கையில் இருந்த காலம், அவ்வளவைச் சொன்னால் போதும்.

பேச்சு நாளன்று 27 பேர் வந்திருந்தார்கள். மண்டபத்தின் மேற்குச் சன்னல் வாவியைப் பார்த்தது, பின்னேர வெயில் தண்ணீரில் பட்டுச் சுவர் முழுக்க ஆடியது, புரொஜெக்டர் படம் ஒன்றும் எடுபடவில்லை. வெட்டிக் குறைத்து 9 ஆக்கிய ஸ்லைட்டில் மூன்றுதான் காட்டினேன். மீதிக்குக் காசுகளையே கொடுத்தேன். விலை குறைந்த 12 டொய்ட்டை அட்டைக் கூட்டில் ஸ்டேபிள் அடித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, மகளின் பொறுப்பில் ஒரு தட்டில் விட்டேன். போனதும் 12, வந்ததும் 12. எண் எழுதாமல் காசைச் சபைக்குள் விடாதீர்கள், யாரையும் சந்தேகப்பட அல்ல, கடைசியில் ஒன்று குறைந்தால் எல்லாருடைய முகமும் வாடிப்போகும் என்பதற்காக. மூன்று காசுகளைக் கூடில்லாமல் கொடுத்தேன், தேய்ந்து மதிப்பில்லாதவை, விரலால் தடவிப் பார்க்கவென்றே. அவைதான் அதிக நேரம் கைகளில் நின்றன.

1791 காசுக்குச் சன்னலை மூடச் சொல்லி, ஏழெட்டுப் பேர் தங்கள் போன் டோர்ச்சை எடுத்து ஆளுக்கொரு காசைப் பக்க வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்ரெக்ட் காசொன்றில் நான் இதுவரை வாசிக்காத கடைசி இலக்கத்தை வாசித்துச் சொன்னான். அவனே பிறகு, "சேர், வி.ஓ.சி. எண்டா நம்மட வ.உ.சி.யா?" என்று கேட்டான். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல, தமிழ்ப் பிள்ளைக்கு அந்த மூன்று எழுத்தைக் கண்டால் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கிய மனிதர்தான் முதலில் வருவார். ஒருவர் வெள்ளையர் கம்பனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர், மற்றது கம்பனியே என்று சொன்னதும் அவன் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்த்து, அடுத்த முறை இதை நானே முதலில் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா ஏறாவூரிலிருந்து கொண்டுவந்த டொய்ட்டைக் காட்டினார். புளி போட்டுத் தேய்த்திருந்தார், குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது, எழுத்துகளின் ஓரம் மழுங்கிப்போயிருந்தது. அவர் ஆசையோடு செய்த வேலை, சபையில் வைத்து அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் இருந்து, செப்பின்மேல் படிந்த கபிலத் தோல்தான் காசைக் காக்கிறது, அதை எடுத்தால் திரும்ப வராது என்று விளக்கினேன். "அப்ப மற்ற ரெண்டையும் தொடாம வைக்கிறன்" என்றார். இன்னும் இரண்டு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கணவரின் தாய் காலத்திலிருந்து பெட்டகத்தில் கிடந்தவையாம். வாங்கிய காசு இல்லை, ஏறாவூரில் ஒரு வீட்டில் கிடந்த காசு. எடையும் படமும் எடுக்க அடுத்த மாதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார் என்று அவர் மாமியார் சொன்னதையும் எழுதிக் கொண்டு வரும்படி கேட்டேன்.

கல்முனையில் இதே பேச்சை ஒரு தடவை பேச அழைத்திருக்கிறார்கள். அங்கே புரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செப்புப் பை, பன்னிரண்டு காசு, நாலைந்து டோர்ச், இரண்டு பக்கப் போட்டோகொப்பி. சல்லி பற்றிய பகுதியை நடுவிலிருந்து தொடக்கத்துக்கு மாற்றியிருக்கிறேன், அதை நான் சொல்வதைவிட நானா சொன்னால் நன்றாக இருக்கும் என்று அவரையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.